காத்து மேல பழி

மச்சான்: கதவைச் சாத்து.

மாப்ள: எதுக்கு?

மச்சான்: சாத்துன்னா சாத்து. தாழ்ப்பாளையும் போடு.

மாப்ள: ஸ்டோர் ரூம்ல ரெண்டு ஆம்பளைங்க தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நின்னா, வெளியில என்ன நெனைப்பாங்க?

மச்சான்: மச்சானும் மாப்ளையும் குடும்ப விஷயம் பேசறாங்கன்னு நெனைப்பாங்க. போடு.

மாப்ள: எதுவா இருந்தாலும் கீழ எறங்கினப்புறம் பேசலாம். கான்கிரீட் வண்டி வந்து நிக்குது. நான் மேல ஏறணும்.

மச்சான்: நிக்கட்டும்.

மாப்ள: சூப்பர்வைசர் பேசற பேச்சா இது? கிரேன் சாவியைக் குடு.

மச்சான்: சாவி என் பையில இருக்கு. பையிலயே இருக்கட்டும்.

மாப்ள: கிரேன் ஓட்டறது நானா, உன் பையா?

மச்சான்: நேத்து ஓட்டினது யாரு?

மாப்ள: ஓ... அதுக்கா இந்தத் தாழ்ப்பாள்? அதான் நேத்தே சொன்னேனே. காத்து.

மச்சான்: காத்து.

மாப்ள: ஆமா, காத்துதான். அவ்வளவு ஒசரத்துல திடீர்னு ஒரு அடி அடிக்கும். கீழ நிக்கறவங்களுக்குத் தெரியாது.

மச்சான்: கம்பிக்கட்டு ஆடிக்கிட்டு வந்திருந்தா காத்துன்னு நம்பலாம். நேரா வந்துச்சு. தொப்புன்னு.

மாப்ள: ஆடித்தான் வந்துச்சு.

மச்சான்: கிரேன் உச்சியில கட்டின கொடி ஈரத்துணி மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துச்சு மாப்ள. என் கண்ணால பார்த்தேன்.

மாப்ள: கம்பிக்கட்டு விழும்போது நீ கொடியையா பார்த்துக்கிட்டு இருந்த?

மச்சான்: வெல்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம குயிலை. அவன் காலடியில விழுந்துச்சு. ஒரு எட்டு முன்னால நின்னிருந்தா...

மாப்ள: அவன் மேல விழலல்ல?

மச்சான்: என்ன சொன்ன?

மாப்ள: விழலல்ல... அதான் சொன்னேன்.

மச்சான்: வேலைக்கு வந்தா வாய் மூடாம பாடற பய. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. தண்ணி குடுத்தேன், பாட்டில் பல்லுல இடிச்சுச்சு. விழலல்லன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லேன்.

மாப்ள: லீவர் இழுத்துக்கிச்சு மச்சான். நான் என்ன பண்ண?

மச்சான்: காத்தா, லீவரா? ஒண்ணைச் சொல்லு.

மாப்ள: ரெண்டும்தான்.

மச்சான்: சிக்னல்காரன் வாக்கி டாக்கியில தொண்டை கிழியக் கத்தினான். நீ பதிலே குடுக்கல.

மாப்ள: பேட்டரி போயிருக்கும்.

மச்சான்: காத்து, லீவர், இப்ப பேட்டரி. அடுத்து என்ன, உன் நேரம் சரியில்லையா?

மாப்ள: ஓஹோ... புரியுது. இப்பத்தான் புரியுது.

மச்சான்: என்ன புரியுது?

மாப்ள: உன் சித்தப்பா பையன் வேலை இல்லாமச் சுத்திக்கிட்டு இருக்கான்ல? என்னைக் கீழ எறக்கிட்டு அவனை மேல ஏத்தணும். அதுக்குத்தான இவ்வளவும்?

மச்சான்: அவனுக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும்.

மாப்ள: பின்ன உனக்கு என்னதான் வேணும்?

மச்சான்: ஷூவைக் கழட்டு.

மாப்ள: என்னது?

மச்சான்: ஷூவைக் கழட்டு. சாக்ஸையும் கழட்டு.

மாப்ள: பைத்தியமா உனக்கு?

மச்சான்: இடது கால் மட்டும் போதும்.

மாப்ள: ...யார் சொன்னா?

மச்சான்: அப்ப இருக்கு.

மாப்ள: யார் சொன்னான்னு கேட்டேன். அந்தக் குயிலா? என் லாக்கர் பக்கம் அவன் சும்மா சும்மா வர்றதைப் பார்த்தப்பவே நெனைச்சேன்.

மச்சான்: உன் சாக்ஸை யார் துவைக்கறாங்களோ அவங்க சொன்னாங்க.

மாப்ள: ...உன் தங்கச்சியா?

மச்சான்: உன் பொண்டாட்டி.

மாப்ள: அவ உங்கிட்ட வந்து சொன்னாளா? என்னைக் கேக்காம?

மச்சான்: உன்னைக் கேட்டாளாமே. வைட்டமின்னு சொன்னியாமே. வைட்டமினை சாக்ஸுக்குள்ள வச்சா காலுக்கு மட்டும் சத்தா?

வாக்கி டாக்கி: சூப்பர்வைசர்... சூப்பர்வைசர், கேக்குதா? கிரேன் ஏன் இன்னும் கெளம்பல? கான்கிரீட் வண்டிக்காரன் கத்தறான்.

மச்சான்: இன்ஜினியர் சார், கொக்கிக் கயிறுல ஒரு சின்ன சந்தேகம். செக் பண்ணிட்டு இருக்கோம். கொஞ்சம் பொறுங்க.

வாக்கி டாக்கி: சீக்கிரம். கலவை இறுகிப் போயிரும்.

மச்சான்: ஆச்சு சார், ஆச்சு.

மாப்ள: நல்லா வருது உனக்கு.

மச்சான்: எது?

மாப்ள: பொய். தடங்கலே இல்லாம வருது.

மச்சான்: உனக்காகச் சொல்றேன்டா.

மாப்ள: எனக்காக யாரும் சொல்ல வேணாம். அது டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை. கஞ்சாவா வச்சிருக்கேன்? திருடினதா?

மச்சான்: டாக்டர் எப்ப எழுதினாரு?

மாப்ள: முதுகு புடிச்சப்ப.

மச்சான்: அது போன மழைக்கு முன்னாடி. இப்ப அடுத்த மழை வரப் போகுது.

மாப்ள: வலி போகலையே.

மச்சான்: இப்ப வலிக்குதா?

மாப்ள: வலிக்குது.

மச்சான்: எங்க?

மாப்ள: முதுகுலதான்.

மச்சான்: எந்தப் பக்கம்?

மாப்ள: ...பொதுவா.

மச்சான்: முதுகு வலி யாருக்கும் பொதுவா வராது மாப்ள. கை வச்சுக் காட்ட ஒரு இடம் இருக்கும்.

மாப்ள: நீ கேபின்ல உக்காந்து பாரு. பொழுதுக்கும் குனிஞ்சு கீழயே பார்த்துக்கிட்டு. ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட அத்தனை ஏணியும் எறங்கணும். அப்பத் தெரியும்.

மச்சான்: இல்லைன்னு நான் சொல்லலையே. முதல்ல எதுக்குப் போட்டன்னு கேக்கல. இப்ப எதுக்குப் போடறன்னு கேக்கறேன். அதே டாக்டரா இன்னும் எழுதறாரு?

மாப்ள: ...ஆமா.

மச்சான்: அவரு போதும்னு சொல்லி எப்பவோ நிறுத்திட்டாராமே. உன் பொண்டாட்டி போய்க் கேட்டுட்டு வந்துட்டா.

மாப்ள: அவ என்ன, என் பின்னாடியே சுத்தறாளா?

மச்சான்: நீ வீட்டுக்குள்ள இருந்தாத்தான முன்னாடி சுத்துவா? பாத்ரூமுக்குள்ள போனா வெளிய வர மாட்டேங்கறியாம். கதவைத் தட்டினா குழாயைத் திறந்து விடறியாம்.

மாப்ள: வேற ஒரு டாக்டர் எழுதினாரு. போதுமா?

மச்சான்: ஒரு டாக்டரா?

மாப்ள: ...ரெண்டு பேரு. ஒருத்தருக்கு ஒருத்தரைத் தெரியாது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மருந்துக் கடை. அங்க சீட்டு கேக்க மாட்டான்.

மச்சான்: அங்க... பச்சை ஷட்டர் போட்ட கடையா?

மாப்ள: உனக்கு எப்படித் தெரியும்?

மச்சான்: பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வேற என்ன கடை இருக்கு? பேச்சை மாத்தாத.

மாப்ள: நானா மாத்தறேன்?

மச்சான்: பாப்பாவைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போனியே, என்ன ஆச்சு?

மாப்ள: என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. கூட்டிட்டு வந்தேன்.

மச்சான்: வண்டிக்குள்ள உக்காந்தபடியே தூங்கிட்ட. புள்ளை வெளியில நின்னு கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கு. வாட்ச்மேன் வந்து உலுக்கினப்புறம்தான் எந்திரிச்சிருக்க.

மாப்ள: அசதி.

மச்சான்: "அப்பா கண்ணு பாதி திறந்திருந்துச்சும்மா, ஆனா என்னைப் பார்க்கல"ன்னு வீட்ல வந்து சொல்லியிருக்கா. தெரியாதா உனக்கு?

மாப்ள: எங்கிட்ட சொல்லல அவ.

மச்சான்: உங்கிட்ட எப்படிச் சொல்லுவா? பயப்படறா.

மாப்ள: என்னைப் பார்த்தா? பாப்பாவா?

மச்சான்: நம்ம பெயின்டரை மறந்துட்டியா? அவனும் இப்படித்தான், அசதி அசதின்னான். ராத்திரி படுத்தவன் காலையில எந்திரிக்கல.

மாப்ள: அவனுக்கு ஹார்ட்டு.

மச்சான்: ஹார்ட்டுன்னு ஊருக்குச் சொன்னாங்க. வலி மாத்திரையோட தூக்க மாத்திரையும் சேர்த்து முழுங்கியிருக்கான். மூச்சு அப்படியே கொறைஞ்சு கொறைஞ்சு நின்னுருச்சு. பக்கத்துல படுத்திருந்த பொண்டாட்டிக்கே தெரியல.

மாப்ள: நான் தூக்க மாத்திரை போடறதில்ல.

மச்சான்: இன்னும் போடலை.

மாப்ள: நான் நெனைச்சா நாளைக்கே நிறுத்திருவேன்.

மச்சான்: அதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. முதல்ல வலி போகும். அப்புறம் வலியோட சேர்ந்து மத்ததெல்லாம் போகும். திட்டு வாங்கினது, கவலை, வீடு, எல்லாம். நெஞ்சுக்குள்ள யாரோ வெந்நீர்ப் பை வச்ச மாதிரி... இதமா... அது கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் எத்தனை போட்டாலும் அந்தச் சூடு வராது. போடாம விட்டா கொட்டாவி கொட்டாவியா வரும். மூக்கு ஒழுகும். தோலுக்கு அடியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். சுகத்துக்காகப் போட்டது போய், அந்த எறும்புக்குப் பயந்து போடுவ. என்ன அப்படிப் பார்க்கற?

மாப்ள: எறும்பைப் பத்தி யார் சொன்னா உனக்கு?

மச்சான்: டாக்டர்கிட்ட கேட்டேன்.

மாப்ள: வெந்நீர்ப் பையும் டாக்டர் சொன்னதா?

மச்சான்: எனக்கும்தான் தோள்பட்டை எறங்கினப்ப இதே மாத்திரை குடுத்தாங்க. கொஞ்ச நாள் போட்டேன்ல?

மாப்ள: ஆமா... உனக்கும் குடுத்தாங்கல்ல. நீ எப்படி நிறுத்தின?

மச்சான்: நிறுத்தினேன். அவ்வளவுதான்.

மாப்ள: எப்படின்னு கேக்கறேன். சும்மா கேக்கல மச்சான். தெரிஞ்சுக்கக் கேக்கறேன்.

மச்சான்: மனசு வச்சா முடியும்.

மாப்ள: எறும்பு ஊரலையா?

மச்சான்: ஊர்ந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

மாப்ள: உனக்கு இருக்கற மனசு எனக்கு இல்ல மச்சான். சிரிக்காத. நெஜமாத்தான் சொல்றேன்.

மச்சான்: நான் சிரிக்கல.

மாப்ள: நேத்து காத்து அடிக்கல.

மச்சான்: ...தெரியும்.

மாப்ள: லீவரும் நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் மேல ஏறினப்புறம் ஒண்ணு போட்டேன். ஒண்ணும் செய்யல. இன்னொண்ணு போட்டேன். கம்பிக்கட்டைத் தூக்கினது ஞாபகம் இருக்கு. திருப்பினது ஞாபகம் இருக்கு. அப்புறம்... யாரோ ரொம்பத் தூரத்துல எம் பேரைச் சொல்லிக் கத்தற மாதிரி இருந்துச்சு. கண்ணைத் திறந்தா கயிறு தொளதொளன்னு தொங்குது. கீழ ஒரே புழுதி. குயிலு தெரியவே இல்ல.

மச்சான்: மாப்ள...

மாப்ள: புழுதி அடங்கற வரைக்கும் அவன் செத்துட்டான்னுதான் நெனைச்சேன். அவன் எந்திரிச்சு நின்னான். எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு தோணல. என் கை சாக்ஸுக்குப் போச்சு. இன்னொண்ணு எடுக்க.

மச்சான்: போட்டியா?

மாப்ள: போட்டேன்.

வாக்கி டாக்கி: சூப்பர்வைசர், என்னய்யா பண்றீங்க? கயிறு செக் பண்றீங்களா, கயிறு திரிக்கறீங்களா?

மச்சான்: சார், கிரேன் இன்னைக்கு ஏறாது.

வாக்கி டாக்கி: என்னது? எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?

மச்சான்: ஏறாது சார். ஓட்டறவருக்கு உடம்பு சரியில்ல. பம்ப் வண்டி வரச் சொல்லி கான்கிரீட்டை ஏத்திக்கலாம். எதுவா இருந்தாலும் நான் பதில் சொல்லிக்கறேன்.

வாக்கி டாக்கி: ஆபீஸுக்கு வா, பேசிக்கறேன்.

மாப்ள: முடிஞ்சுதா? என் வேலை போச்சா?

மச்சான்: உடம்பு சரியில்லைன்னுதான் சொல்லியிருக்கேன். அது பொய் இல்லையே?

மாப்ள: இல்ல.

மச்சான்: இன்னொரு விஷயம். அதையும் பேசி முடிச்சிரலாம்.

மாப்ள: இன்னும் என்ன?

மச்சான்: அம்மாவோட மாத்திரை.

மாப்ள: அத்தையோடதா? என்ன மாத்திரை?

மச்சான்: தெரியாத மாதிரி கேக்காத. முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தாங்க. அலமாரியில வச்ச வலி மாத்திரை பாதிக்கு மேல காணோம். அம்மா தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. திரும்ப வாங்கப் போனா, அதுக்குள்ள தீர்ந்துபோச்சான்னு கடைக்காரர் உன் பொண்டாட்டியை ஒரு மாதிரி பார்த்திருக்காரு.

மாப்ள: அதுக்கு?

மச்சான்: நீதான எடுத்த?

மாப்ள: இல்ல.

மச்சான்: மாப்ள...

மாப்ள: அதை நான் தொடல மச்சான். பாப்பா மேல சத்தியமா.

மச்சான்: பின்ன யாரு எடுத்தா? அந்த ரூமுக்குள்ள போனது நீ, நான், அவ. வேற யாரு இருக்கா?

மாப்ள: அப்ப நம்ம மூணு பேர்ல ஒருத்தர்.

மச்சான்: என்ன சொல்ல வர்ற?

மாப்ள: ஒண்ணும் சொல்ல வரல. நான் இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

மச்சான்: எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட. இதை மட்டும் ஏன் மறைக்கற?

மாப்ள: எல்லாத்தையும் ஒத்துக்கிட்டவன் இதை மட்டும் ஏன் மறைக்கப் போறேன்? அதை யோசிச்சியா?

மச்சான்: வெக்கமா இருக்கும். பெத்த அம்மா மாதிரி இருக்கறவங்க.

மாப்ள: ஆளு சாக இருந்தான்னு தெரிஞ்சும் இன்னொண்ணு முழுங்கினேன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன வெக்கம்?

மச்சான்: நீதான். ஒத்துக்க. ஒத்துக்கிட்டா விஷயம் முடிஞ்சுது. யாரும் இதைப் பத்தி அப்புறம் பேச மாட்டோம்.

மாப்ள: உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

மச்சான்: எனக்கு என்ன அவசரம்? அம்மா மனசுல இருக்கறது தீரணும். அவ்வளவுதான்.

மாப்ள: அத்தை என்ன சொல்றாங்க?

மச்சான்: ஒண்ணும் சொல்லல. யாரையும் கேக்க வேணாம்னுட்டாங்க.

மாப்ள: அவ? அவ நான்தான்னு நம்பறாளா?

மச்சான்: அதனாலதான உங்கிட்ட பேசறதை நிறுத்தியிருக்கா.

மாப்ள: மாத்திரை போடறேன்னு கோவம்னு நெனைச்சேன். இதுக்கா...

மச்சான்: "அவருக்கு வியாதின்னு தாங்கிக்குவேண்ணா, ஆனா அம்மா அழுததைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனாரே"ன்னு கேட்டா.

மாப்ள: அத்தை அழுததை நான் பார்த்தேன். உண்மைதான். எனக்குத் தெரிஞ்ச வலி அது. எங்கிட்ட இருந்ததுல ஒண்ணு குடுத்திருக்கலாம். குடுக்கல. எனக்குப் பத்தாதுன்னு குடுக்கல. அதுவும் திருட்டு மாதிரிதான், இல்ல? சரி. நான்தான் எடுத்தேன்னே வச்சுக்க.

மச்சான்: என்ன?

மாப்ள: இல்லைன்னா மட்டும் யாரு நம்பப் போறா? சாக்ஸுக்குள்ள மாத்திரை வச்சிருக்கறவன் பேச்சு. அதையும் என் தலையில கட்டிரு. அத்தைகிட்ட நானே வந்து கால்ல விழறேன்.

மச்சான்: நீ ஏன்டா விழணும்...

மாப்ள: நீதான ஒத்துக்கச் சொன்ன?

மச்சான்: சொன்னேன்...

மாப்ள: ஒத்துக்கிட்டேன். இப்ப என்ன பண்ணணும் சொல்லு.

மச்சான்: கேட்டுக்கு வெளியில வண்டி நிக்குது. உன் பொண்டாட்டி உள்ள உக்காந்திருக்கா. நேத்தே ஆஸ்பத்திரியில டாக்டரைப் பார்த்துப் பேசிட்டுத்தான் வந்திருக்கா. ஒரேயடியா நிறுத்தக் கூடாதாம். அவங்க சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணுமாம். கொஞ்ச நாள் அங்கயே தங்க வேண்டியிருக்கும்.

மாப்ள: அவ வந்திருக்காளா? இங்கயா?

மச்சான்: விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்கா.

மாப்ள: பேச மாட்டேன்னவ...

மச்சான்: இன்னும் பேச மாட்டா. ஆனா கூட வருவா.

மாப்ள: நீயும் வா மச்சான்.

மச்சான்: நான் எதுக்கு?

மாப்ள: தனியா போனா நடுவுல எறங்கி ஓடிருவேன். என்னை எனக்குத் தெரியும். நீ பக்கத்துல உக்காந்தா ஓட மாட்டேன். நீ தாண்டி வந்தவன்.

மச்சான்: அப்படியெல்லாம் சொல்லாத.

மாப்ள: உண்மையைச் சொன்னா என்ன? இரு, ஷூவைக் கழட்டறேன்... முடிச்சு வர மாட்டேங்குது.

மச்சான்: மெதுவா.

மாப்ள: இந்தா. இவ்வளவுதான். லாக்கர்ல இருந்ததும் இதுலதான் இருக்கு. வீட்ல ஒண்ணும் இல்ல. பிடி. எங்கயாவது கொண்டுபோய்க் கொட்டிரு. நான் பார்க்காத எடத்துல கொட்டு. என்ன மச்சான், கையை நீட்ட மாட்டேங்கற?

மச்சான்: மேசை மேல வை.

மாப்ள: மேசை மேல வச்சா நானே திரும்ப எடுத்துக்குவேன். கையில வாங்கு.

மச்சான்: வேணாம் மாப்ள. கேட்டுல இருக்கறவகிட்ட கொண்டுபோய்க் குடு.

மாப்ள: கதவைச் சாத்தினதுலேர்ந்து இதைத்தான கேட்டுக்கிட்டு இருந்த? குடுத்தா வேணாங்கற?

மச்சான்: எங்கிட்ட குடுக்காதடா.

மாப்ள: ஏன்?

மச்சான்: கொட்ட மாட்டேன்... முழுங்கிருவேன். அம்மாவோடதையும் நான்தான் முழுங்கினேன்.